ராஜேந்திர சோழனை இரண்டு முறை காசு கொடுத்து வாங்கிய கதை: கேமும் டிஎல்சியும் தள்ளுபடியில் வாங்குவது எப்படி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன் என்ற போர் வியூகக் கணினி கேமுக்கு 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு டிஎல்சி (அடிப்படை கேமோடு தனியாக வாங்கிச் சேர்க்கும் கூடுதல் பகுதி) வந்தது. அதுவரை 'இந்தியர்கள்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்ததைப் பிரித்து, திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் என மூன்று புதிய நாகரிகங்களைக் கொடுத்தார்கள். பழைய இந்தியர்கள் ஹிந்துஸ்தானிகள் ஆனார்கள். திராவிடர் பக்கம் திரிசடை என்றொரு கப்பல், உருமி வீரன், கூடவே ராஜேந்திர சோழனை வைத்து ஒரு முழு கேம்பெயின் (கதையாக நகரும் போர்த் தொடர்). (உறுமி என்றால் நமக்கு மேளம். இங்கே வருவது மலையாளத்து உருமி, நம் சுருள்வாள்.) பார்த்ததும் கை அரித்தது. அவசரப்பட்டு வாங்கினேன், அதுவும் ஒன்றுக்கு இரண்டு முறை. அதில் ஒன்று இன்றுவரை சும்மாதான் கிடக்கிறது.

அக்கவுண்ட் தொடங்குவது, டவுன்லோட் செய்வது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: அடிப்படை கேம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

விலையைப் பார்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நான் செய்யாமல் விட்டதும் இதுதான்.

டிஎல்சி தனியாக ஓடாது. அடிப்படை கேமை எந்தக் கடையில் வாங்கினீர்களோ, அந்தக் கடைக்கான டிஎல்சிதான் அதில் ஒட்டும். ஸ்டீம், எபிக், ஜிஓஜி எல்லாம் இணையத்தில் கணினி கேம் விற்கும் கடைகள். ஸ்டீமில் வாங்கிய கேமுக்கு ஸ்டீம் டிஎல்சி, எபிக்கில் வாங்கியதற்கு எபிக், ஜிஓஜியில் வாங்கியதற்கு ஜிஓஜி. பெயர் ஒன்று, படம் ஒன்று, தயாரித்த நிறுவனமும் ஒன்று. ஆனாலும் ஒன்று இன்னொன்றில் ஒட்டாது.

என்னிடம் அப்போது கேம் இருந்தது மைக்ரோசாஃப்ட்டின் கேம் பாஸ் வழியாக. மாதச் சந்தா கட்டினால் விளையாடலாம், நிறுத்தினால் போய்விடும். அந்த நேரம் பார்த்து கீ (கேமையோ டிஎல்சியையோ நம் கணக்கில் சேர்க்கும் குறியீடு) விற்கும் கடை ஒன்றில் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியாவுக்கு நல்ல தள்ளுபடி. கீழே சின்ன எழுத்தில் 'ஸ்டீம் கீ' என்று எழுதியிருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் ஒரு நினைப்பு: ஸ்டீமில் விளையாடுபவர்களும் மல்டிபிளேயருக்கு மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் கணக்கில்தானே நுழைகிறார்கள்? ஸ்டீம்காரர்களோடு நானே சேர்ந்து விளையாடியிருக்கிறேனே? அப்படியென்றால் டிஎல்சியும் அந்தக் கணக்கு வழியாக வந்துவிடும் என்று முடிவு கட்டினேன்.

வரவில்லை. சேர்ந்து விளையாடுவது வேறு, வாங்கிய உரிமை வேறு. எக்ஸ்பாக்ஸ் கணக்கு உங்களை அடையாளம் காட்டுகிறது, அவ்வளவுதான். எதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்ற கணக்கை அந்தந்தக் கடைதான் வைத்திருக்கிறது. ஸ்டீமில் கீயைப் போட்டும் பயனில்லை. அந்த ஸ்டீம் கணக்கில் அடிப்படை கேம் இல்லை. தேர் இல்லாமல் வடம் மட்டும் வாங்கி வந்தவன் கதையாகிவிட்டது. கீயைத் திறந்து பார்த்துவிட்டதால் கடையில் பணமும் திரும்பக் கிடைக்கவில்லை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் புத்திசாலி. ஆத்திரத்தில் அதே டிஎல்சியை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் முழு விலைக்கு வாங்கினேன். ராஜேந்திரன் வந்தான், விளையாடினேன். சில மாதம் கழித்து கேம் பாஸ் சந்தாவை நிறுத்தினேன். அடிப்படை கேம் போனது. டிஎல்சி என் பெயரில்தான் இருக்கிறது, ஆனால் திறக்க வழியில்லை. கடைசியில் ஒரு கோடைத் தள்ளுபடியில் அடிப்படை கேமை ஸ்டீமில் வாங்கினேன். முதலில் வாங்கிய கீ அன்றைக்குத்தான் உயிர் பெற்றது.

ஆகவே உங்கள் அடிப்படை கேம் சந்தாவில் வந்ததா, சொந்தமாக வாங்கியதா, இலவசமாக எடுத்ததா என்று பாருங்கள். சந்தா என்றால் டிஎல்சியில் கை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. இலவசம் என்றாலும் கொஞ்சம் யோசியுங்கள். எபிக் வாராவாரம் வியாழக்கிழமை கேமை இலவசமாகக் கொடுக்கிறது (நம் நேரம் இரவு 8:30, அமெரிக்கக் குளிர்காலத்தில் 9:30). 2020 மே மாதம் சிவிலைசேஷன் 6 அப்படித்தான் வந்தது. நானும் எடுத்தேன். அதற்கு ரைஸ் அண்ட் ஃபால், கேதரிங் ஸ்டார்ம் என்று இரண்டு எக்ஸ்பான்ஷன்கள் (பெரிய டிஎல்சிகள்) உண்டு. இலவசமாக எடுத்தவர்கள் அவற்றை எபிக்கிலேயேதான் வாங்க வேண்டும். மற்ற கடைகளின் ஸ்டீம் கீ தள்ளுபடியெல்லாம் அவர்களுக்கு உதவாது. கன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டு வைக்கோலைத் தங்களிடமே வாங்க வைக்கிற வேலை.

(இடையில் ஒன்று: கேதரிங் ஸ்டார்ம் மட்டும் வாங்கினாலே ரைஸ் அண்ட் ஃபாலின் விசுவாசம், ஆளுநர்கள் போன்ற விதிமுறைகள் வந்துவிடும். அதன் நாகரிகங்களும் தலைவர்களும் மட்டும் வராது. சந்திரகுப்தர் வேண்டும் என்றால் ரைஸ் அண்ட் ஃபால் வேண்டும். இல்லாவிட்டால் முதலில் கேதரிங் ஸ்டார்ம் போதும்.)

படி 2: இப்போது விலையைப் பாருங்கள்

இதற்கு நான் பயன்படுத்துவது இஸ்தேர்எனிடீல் என்ற தளம் ஒன்றுதான். ஒரு கேமின் பெயரைப் போட்டால் எந்தெந்தக் கடையில் இன்று என்ன விலை, இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை என்ன என்று காட்டும். அங்கீகாரம் பெற்ற கடைகளை மட்டும்தான் பட்டியலிடுகிறார்கள். அதற்காகவே எனக்கு அது பிடிக்கும்.

நுழைந்ததும் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். மறந்தால் டாலர் விலையைப் பார்த்துவிட்டு மனக்கணக்கு போட்டுக்கொண்டிருப்பீர்கள். ஸ்டீமில் 2015 நவம்பர் முதல் ரூபாயிலேயே விலை உண்டு; அது பெரும்பாலும் டாலர் விலையின் நேர் மாற்று கிடையாது, குறைவாகவே இருக்கும்.

'மிகக் குறைந்த விலை' என்ற எண்ணைப் பார்த்து ஏங்க வேண்டாம். இன்றைய விலை அதற்குப் பக்கத்தில் இருந்தால் வாங்கிவிடுங்கள். பத்து ரூபாய்க்காக ஆறு மாதம் காத்திருந்து, அதற்குள் விளையாடும் ஆசையே போன கேம்கள் என்னிடம் நிறைய உண்டு.

ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கிற சந்தேகம் நம் எல்லோருக்கும் உண்டு. ஸ்டீமில் அதற்கு ஒரு தடை இருக்கிறது: விலையை ஏற்றினால் 30 நாளைக்குத் தள்ளுபடி போட முடியாது. இன்னொரு விஷயம், பெரிய சேல்களில் முதல் நாள் விலைதான் கடைசி நாள் விலையும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை விலை மாறும் பழக்கம் 2015-லேயே போய்விட்டது. ஜூன் கடைசியிலும் டிசம்பர் கடைசியிலும் வரும் இரண்டு சேல்கள்தான் பெரியவை. நம் நேரம் இரவு பத்தரைக்குத் திறக்கும், குளிர்காலத்தில் பதினொன்றரை. முதல் கால் மணி நேரம் பக்கமே திறக்காது. தூங்கி எழுந்து வாங்குங்கள், விலை ஓடிப்போகாது.

படி 3: கீ கடைகள்

ஹம்பிள், ஃபனாட்டிகல், கிரீன் மேன் கேமிங் போன்றவை ஸ்டீம் கீயை விற்பவை. சில நேரம் ஸ்டீமை விட விலை குறையும். பணம் கட்டும் முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: எந்தக் கடைக்கான கீ, இந்தியாவில் ஆக்டிவேட் ஆகுமா, 'அடிப்படை கேம் தேவை' என்ற வரி இருக்கிறதா. வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. அதனால் ஸ்டீம் விலைக்கும் கீ விலைக்கும் வித்தியாசம் சொற்பம் என்றால் நான் ஸ்டீமிலேயே வாங்கிவிடுவேன்.

யார் யாரோ கீயைக் கொண்டுவந்து விற்கும் சந்தைகள் பக்கம் போகவே வேண்டாம். அந்தக் கீ எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. திருட்டு கார்டில் வாங்கியதாக இருந்தால் பின்னால் கேமே உங்கள் லைப்ரரியிலிருந்து பிடுங்கப்படலாம்.

படி 4: பண்டிலா, பேக்கேஜா

ஸ்டீமில் நிறைய பேர் ஏமாறும் இடம். இரண்டுமே பலவற்றைச் சேர்த்து ஒரே கட்டாக விற்பவை, பார்க்க ஒன்று போலவே இருக்கும். பண்டில் என்றால் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதைக் கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் விலை கேட்கும். பேக்கேஜ் கழிக்காது; உங்களிடம் இருப்பதற்கும் சேர்த்துப் பணம் வாங்கும்.

ஒரு கணக்குக்கு, டிஎல்சி 500 ரூபாய், 50 சதவீதத் தள்ளுபடியில் 250 என்று வையுங்கள். அதே டிஎல்சி 10 சதவீதத் தள்ளுபடி உள்ள ஒரு பண்டிலுக்குள்ளும் இருந்தால், அந்த 250-லிருந்து இன்னும் பத்து சதவீதம் குறைந்து 225. அடிப்படை கேம் முன்பே உங்களிடம் இருந்தாலும் இந்தக் கூடுதல் தள்ளுபடி கிடைக்கும். அதனால் டிஎல்சி பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளி, அது எந்தெந்தப் பண்டிலில் இருக்கிறது என்று பாருங்கள். லாகின் செய்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எதையும் கழிக்காத முழு விலைதான் தெரியும்.

படி 5: வாங்கிய பிறகு

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். டிஎல்சிக்கு, அதை வாங்கிய பின் அடிப்படை கேமை விளையாடிய நேரம்தான் கணக்கு. நேற்று முழு விலைக்கு வாங்கினீர்கள், இன்று சேல் தொடங்கிவிட்டது என்றால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு மறுபடி வாங்கலாம். அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று ஸ்டீமின் விதியிலேயே இருக்கிறது. ஜிஓஜி இன்னும் தாராளம்: 30 நாள், விளையாடியிருந்தாலும் சரி.

தனியாக விளையாடும் பழைய கேம் என்றால் என் ஓட்டு ஜிஓஜிக்குத்தான். இன்ஸ்டாலரை ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு கடையில் வேறு வேறு சரக்கு இருப்பதும் உண்டு. ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 கேமுக்கு 2015-ல் ஸ்டீமில் வந்த எச்டி எடிஷனில் இரண்டு எக்ஸ்பான்ஷன்களும் கிடையாது. ஜிஓஜியின் கம்ப்ளீட் எடிஷனில் இரண்டும் உண்டு. படம் பளபளப்பாக இருக்கிறதென்று முதலாவதை எடுத்தால் பாதி கேம்தான்.

பின்சேர்க்கை 1: ஸ்டீம் விஷ்லிஸ்டை (வாங்க நினைப்பதைக் குறித்து வைக்கும் பட்டியல்) இஸ்தேர்எனிடீலுக்கு இழுத்தால் காலியாக வருகிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். ஸ்டீம் புரொஃபைலின் பிரைவசி அமைப்பில் 'கேம் விவரங்கள்' பொதுவில் இருக்க வேண்டும். மாற்றிவிட்டு மறுபடி இழுங்கள்.

பின்சேர்க்கை 2: கீ கடையில் கார்டு மறுக்கப்படுகிறது என்றவர்களுக்கு. 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிமாற்றம் மூடியே வரும். வங்கி ஆப்பில் போய்த் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். டாலரில் கட்டினால் வங்கி தன் பங்குக்குக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போடும். ஐந்து சதவீதம் மலிவு என்று போனால் அதில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும்.

பின்சேர்க்கை 3: விபிஎன் போட்டு, வேறு நாட்டில் இருப்பதுபோலக் காட்டி, அந்த நாட்டு விலையில் வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: வேண்டாம். ஸ்டீம் விதிக்கு எதிரானது, கணக்கே முடங்கலாம். விலை குறைவென்று எல்லோரும் ஓடிப்போன அர்ஜென்டினா, துருக்கி இரண்டிலும் 2023 நவம்பரில் உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு டாலர் விலைக்கு மாற்றிவிட்டார்கள்.

பின்சேர்க்கை 4: சிவிலைசேஷன் 7-ல் சோழர்கள் அடிப்படை கேமிலேயே இருக்கிறார்கள். அதற்குத் தனியாக டிஎல்சி வாங்க வேண்டாம். நான் இன்னும் வாங்கவில்லை, விஷ்லிஸ்டில் கிடக்கிறது. இந்த முறை எந்தக் கடை என்று மட்டும் முதலிலேயே முடிவு செய்துவிட்டேன்.