குறைந்த எடை திரும்ப ஏறும்போது: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்லீவ் (இரைப்பையை வெட்டிக் குழாய்போல ஆக்குவது) ஆனாலும் பைபாஸ் (இரைப்பையில் சின்னப் பை செய்து நேராகக் குடலோடு இணைப்பது) ஆனாலும், அறுவை சிகிச்சை முடிந்து ஒன்று, ஒன்றரை வருஷம் வரை எடை இறங்கிக்கொண்டே வரும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். மூன்றாம் வருஷத்தில், தீபாவளிக்குத் தைத்த ரவிக்கை சித்திரைக்குள் கைப்பக்கம் பிடிக்கத் தொடங்கும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தோ ஃபீனிக்ஸோ டோங்காட்டோ, அந்த வேளையில் பலரும் முதலில் செய்வது, கிளினிக்கில் கொடுத்த அடுத்த தேதிக்குப் போகாமல் விட்டுவிடுவது. "இவ்வளவு செலவு செய்தும் இப்படி ஆகிவிட்டதே, டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது" என்ற கூச்சம். கூடிய எடையைவிட இந்தக் கூச்சம் செய்யும் கேடு அதிகம். 3 கிலோ கூடியபோதே பிடித்திருக்கக்கூடிய காரணம் 20 கிலோ கூடிய பிறகுதான் தெரியவருகிறது.

உடல் பருமன், சர்க்கரை நோயைப் போலவே நீடித்த நோய். எடை குறைந்ததும் உடல் தன் செலவைச் சுருக்கிக்கொள்ளும், பசியைத் தூண்டும், இழந்ததை மீட்கப் பார்க்கும். அறுவை சிகிச்சை இந்த எதிர்ப்பைப் பெரிதும் அடக்குகிறது, முழுக்க அணைப்பதில்லை. சுவீடனில் 1987-இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில், பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் சராசரியாக உடல் எடையில் 32 சதவீதத்தை இழந்தார்கள். பத்தாம் ஆண்டில் அந்த இழப்பு 25 சதவீதமாக இருந்தது. ஆகவே கொஞ்சம் திரும்புவது எதிர்பார்க்க வேண்டியதுதான். அதை ஒழுக்கக் குறைவு என்று யாராவது சொன்னால், வீட்டுப் பெரியவர்களே சொன்னாலும், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்ணைத் தவறாகப் படிப்பது

தினமும் காலையும் மாலையும் மெஷினில் ஏறுபவர்கள் உண்டு. மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டவர்களும் உண்டு. இரண்டும் தவறு. உப்பு கூடிய ஒரு கல்யாணச் சாப்பாடே மறுநாள் 1 கிலோ தண்ணீரை உடம்பில் நிறுத்தும். வாரத்தில் ஒருநாள், காலையில், கழிப்பறை போய்விட்டு வந்தபின், வெறும் வயிற்றில் எடை பார்த்து எழுதி வைத்தால் போதும்.

எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை, இழந்த எடையோடு ஒப்பிட்டுக் கணக்கிடுங்கள். தொடக்கத்தில் 130 கிலோ, மிகக் குறைந்தபோது 85, இப்போது 94 என்றால், இழந்தது 45, திரும்பியது 9. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. நான்கு பங்கு இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. "எல்லாம் போச்சு" என்று அந்த இடத்தில் கைவிடுகிறவர்கள்தான் மிச்சத்தையும் இழக்கிறார்கள். மிகக் குறைந்த எடையிலிருந்து 3 கிலோ கூடி, ஒரு மாதமாகியும் இறங்கவில்லையென்றால் கிளினிக்குக்குப் போன் செய்யுங்கள். அதற்கு மேல் காத்திருக்கத் தேவையில்லை.

காரணம் தேடாமல் பட்டினி கிடப்பது

ஐந்து நாள் வெறும் திரவம் குடித்தால் விரிந்த இரைப்பை பழையபடி சுருங்கும் என்று ஒரு முறை கைக்குக் கை பரவுகிறது. அப்படிச் சுருங்காது. அந்த ஐந்து நாளில் இறங்குவது பெரும்பாலும் தண்ணீரும் சேமிப்பு மாவுச்சத்தும். கூடவே தசையும் போகும். ஆறாம் நாள் பசி இரட்டிப்பாக வரும்.

முதலில் மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரும் அமிட்ரிப்டிலின், மனச்சோர்வுக்கான மிர்டாஸபின், மனநோய்க்கான ஓலன்ஸபின், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ஸ்டீராய்டு மருந்தான பிரெட்னிசோன், இன்சுலின், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மாற்று உண்டா என்று கேளுங்கள். தைராய்டுப் பரிசோதனை, தூக்கத்தில் மூச்சுத் தடை, மாதவிடாய் நிற்கும் பருவம், இரவு ஷிஃப்ட் வேலை, வீட்டில் ஒரு சாவு என்று எல்லாமே காரணப் பட்டியலில் வரும்.

தட்டில் வராத சாப்பாடு

எடை திரும்புவதில் அதிகம் நடப்பது இங்கேதான். மாலை நான்கு மணி. சமையல் மேடையில் ஒரு 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா. உள்ளே முறுக்கு, சிவ்டா, வறுத்த கடலை. கெண்டி வைக்கும்போது ஒரு பிடி, துணி எடுக்கப் போகும்போது ஒரு பிடி, டெலிபோனில் பேசிக்கொண்டே இரண்டு பிடி. ஒரு பிடி 30 கிராம், ஏறத்தாழ 150 கலோரி. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து பிடியானால் 750. அதே ஆள் ராத்திரி 100 கிராம் கோழிக்கறியும் அரை ரோட்டியும் சாப்பிட்டுவிட்டு, "எனக்கு ரெண்டு வாய்க்கு மேல இறங்கலையே, அப்புறம் எப்படி எடை கூடுது" என்று மனமாரச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. தட்டில் வைத்ததை மட்டும்தான் சாப்பாடாக எண்ணுகிறார்.

சின்ன இரைப்பை ஏன் தடுக்கவில்லை? மொறுமொறுப்பானவை வாயிலேயே பொடியாகி, டீயோடு சேர்ந்து கூழாகி, இரைப்பையில் தங்காமல் வழுக்கிப் போகும். தங்கினால்தானே வயிறு நிறைந்த உணர்வு வரும். சிலி பைட்ஸ் (காரப் பஜ்ஜி), சிப்ஸ், டீயில் நனைத்த மாரி பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் இந்த வகைதான். கோழி, மீன், பீன்ஸ் போன்ற கெட்டி உணவு தங்கும். அதனால்தான் அவை சீக்கிரம் போதுமென்று சொல்லவைக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடித்தாலும் இதே கதை: உணவு கரைந்து முன்பே இறங்கிவிடும். சாப்பிட்டபின் அரை மணி நேரம் எதையும் குடிக்காதீர்கள்.

டப்பாவைத் தூக்கி எறிந்தால் தீராது. வீட்டில் மற்றவர்களும் இருக்கிறார்கள். மூன்று நேரச் சாப்பாடு, தேவைப்பட்டால் இடையில் ஒரே ஒரு சிற்றுணவு, எல்லாம் உட்கார்ந்து, சின்னத் தட்டில், நேரம் வைத்து என்று மாற்றுங்கள். நான்கு மணிக்கு உண்மையிலேயே பசித்தால் ஒரு வேகவைத்த முட்டை, அல்லது 30 கிராம் கொழுப்பில்லாத பில்டாங் (உலர்த்திய இறைச்சி). முட்டையில் 6 கிராம் புரதம், பில்டாங்கில் ஏறத்தாழ 15. ஏழு நாள் மட்டும், வாயில் போட்டதையெல்லாம் போடுவதற்கு முன்பே எழுதுங்கள். பிறகு எழுதலாமென்றால் அந்த ஒரு பிடி மறந்துபோகும்.

டீயும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியாதவை. கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, நாளுக்கு மூன்று கப் என்றால் 24 கிராம் சர்க்கரை, கிட்டத்தட்ட 100 கலோரி. கண்டென்ஸ்டு மில்க் என்றால் ஒரு மேசைக்கரண்டியே 65. சர்க்கரை போடாத ரூய்போஸ் மூலிகை டீக்குப் பழகினால் இது அப்படியே மிச்சம். கறிச் சட்டியில் கண்ணளவாக ஊற்றும் எண்ணெயை ஒருநாள் அளந்து பாருங்கள். அரை கப், அதாவது 125 மில்லி என்றால், 1000 கலோரிக்கு மேல். மூன்று மேசைக்கரண்டியில் வெங்காயம் நன்றாகவே வதங்கும்; மூடி போட்டு, அடி பிடிக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

கறி அடைக்கிறது என்று மென்மையானதற்கு மாறுவது

ஆறிப்போய் மறுபடி சூடாக்கிய கோழி நெஞ்சுக்கறி நார் நாராக இருக்கும், நெஞ்சில் நிற்கும், வலிக்கும். இரண்டு முறை அப்படியானால் பயந்து, குழைந்த சாதம், கூழ், கஸ்டர்ட் என்று போய்விடுகிறார்கள். மெதுவாக இறங்குகிற சாப்பாடு போய், வேகமாக இறங்குகிற சாப்பாடு நிரந்தரமாகிவிடும். தொடைக்கறியைக் குழம்போடு எடுங்கள். டப்பாவில் வரும் பில்சார்ட் மீன் குழம்பு இன்னும் நல்லது. கட்டைவிரல் நகமளவு துண்டு, இருபது முறையாவது மெல்லுதல், ஒரு சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். புரதம் முதலில், காய்கறி பிறகு, சாதமோ ரோட்டியோ கடைசியில். இவ்வளவு செய்தும் அடைத்தால், இரைப்பையில் உணவு இறங்கும் வழி குறுகியிருக்கலாம். கேஸ்ட்ரோஸ்கோபி (வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டும்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் இன்னொரு மறைந்த காரணம். எரிச்சலை அடக்க நடு ராத்திரியில் பால், பிஸ்கட் என்று ஆரம்பித்து அது வழக்கமாகிவிடும். எரிச்சலுக்கு மருத்துவம் பார்த்தால் ராத்திரிச் சாப்பாடு தானாக நிற்கும். பைபாஸ் செய்தவர்கள் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் கலந்த தலைவலிப் பவுடர் இவற்றை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. இரைப்பையும் குடலும் இணைந்த இடத்தில் புண் வரும். சிகரெட்டும் அப்படியே.

நடுக்கத்துக்கு மிட்டாய்

பைபாஸுக்குப் பின் சிலருக்கு, சாதமோ இனிப்போ சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டும். சர்க்கரை வேகமாகக் குடலுக்குள் பாய்ந்து, இன்சுலின் அளவு மீறிச் சுரந்து, ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோவதுதான் இது. மிட்டாய் போட்டால் சரியாகிவிடும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி நடுங்கும். இப்படி ஒரு நாளைக்கு நான்கு முறை சர்க்கரை உள்ளே போகிறது. நடுக்கம் வரும்போது மீட்டரில் பாருங்கள். தாழ்ந்திருந்தால் 100 மில்லி பழச்சாறு, அது ஏறியதும் ஒரு முட்டையோ பாலாடைக்கட்டியோ. 3 மில்லிமோலுக்குக் கீழே போனால் அந்த எண்ணையும் நேரத்தையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். இதற்கென்று மருந்து உண்டு. அடிப்படையில் சாதத்தைக் கால் கப்பாக்கி, புரதத்துக்குப் பின் சாப்பிடுவதே வழி.

புரட்டாசி

மாதம் முழுக்கக் கறி மீன் இல்லை. விரதம் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்த மாதத்தில் தட்டில் மிஞ்சுவது சாதமும் உருளைக்கிழங்கும் தண்ணீராகக் கரைத்த பருப்பும் பூரியும் என்றால், புரதம் பாதிக்குக் குறையும், தசை கரையும், பசி கூடும். நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். முட்டையும் இல்லாமல் ஒரு நாளைக் கட்டிவிடலாம்: காலையில் சர்க்கரையில்லாத தயிர் 150 கிராமில் ஒரு ஸ்கூப் புரதப் பொடி (25 கிராமுக்கு மேல் புரதம்); மதியம் கெட்டிப் பருப்பு அரை கப்பும் 60 கிராம் பனீரும் (ஏறத்தாழ 19); இரவு 30 கிராம் உலர்ந்த சோயா மின்ஸ் ஊறவைத்து வைத்த கறி (15). இடையில் கால் கப் வேகவைத்த ஷுகர் பீன்ஸ் (ராஜ்மா போன்ற பயறு) சேர்த்தால் 60-ஐத் தாண்டும். காவடி விரதத்திலும் தண்ணீரை விடக்கூடாது. நாளுக்கு 1.5 லிட்டராவது, மடக்கு மடக்காக.

சத்து மாத்திரைகள் எடையைக் குறைக்காது. ஆனால் இரும்பும் பி12-ம் குறைந்த உடம்பு நடக்க மறுக்கும், அசதியில் இனிப்பைத் தேடும். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீயோடும் இரும்பு போகக்கூடாது. கால்சியம் சிட்ரேட் ஒரு வேளைக்கு 500 முதல் 600 மில்லிகிராமுக்கு மேல் உடலில் சேராது. நாள் கணக்காக வாந்தி நிற்காமல், நடை தள்ளாடினாலோ பார்வை இரட்டையானாலோ அன்றே மருத்துவமனை: தயமின் குறைவாக இருக்கலாம், தாமதித்தால் மூளைக்கு நிரந்தரக் கேடு.

மதுவைப் பற்றிச் சுருக்கமாக: பைபாஸுக்குப் பின் ஒரு கிளாஸ் முன்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும், இரண்டாம் வருஷத்துக்குப் பின் பழக்கமாகும் ஆபத்தும் கூடுகிறது. கோக்கில் கலந்தால் சர்க்கரையும் சேரும். நடை மட்டும் போதாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருதல், மூன்று சுற்று என்று தொடங்கலாம்.

ஊசியும் இரண்டாவது அறுவை சிகிச்சையும்

பசியைக் குறைக்கும் செமாகுளுடைட், லிராகுளுடைட் ஊசிகள் அறுவை சிகிச்சைக்குப் பின் திரும்பும் எடைக்கும் உதவுகின்றன. அதைத் தோல்வியின் அடையாளமாக நினைத்து மறுப்பது ஒரு தவறு. தெரிந்தவர் மூலம், சாப்ராவில் (தென்னாப்பிரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பில்) பதிவில்லாத குப்பியை வாங்கித் தானே போட்டுக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. வாரத்துக்கு 0.25 மில்லிகிராமில் தொடங்கி நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூட்டும் செமாகுளுடைட்டை, சீக்கிரம் இறங்கட்டும் என்று முதலிலேயே 1 மில்லிகிராம் போட்டால் வாந்திதான் மிச்சம். ஏற்கெனவே சின்ன இரைப்பை. புரதம் அறவே இறங்காது. நிறுத்தினால் பெரும்பாலும் எடை திரும்பும் என்பதால், எத்தனை மாதத்துக்குக் கட்டுபடியாகும், மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) கொடுக்குமா என்பதை முதல் ஊசிக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மறு அறுவை சிகிச்சை முதலில் எட்டிப் பிடிக்கும் வழியாக இருக்கக்கூடாது. முதலாவதைவிடச் சிக்கல் அதிகம், இறங்கும் எடை பெரும்பாலும் குறைவு. ஸ்லீவோடு கடும் நெஞ்செரிச்சலும் இருந்தால் பைபாஸாக மாற்றுவதில் அர்த்தமுண்டு. எதற்கும் முன் பேரியம் எக்ஸ்ரேயும் கேஸ்ட்ரோஸ்கோபியும் செய்து, இரைப்பை எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும்.

போன் செய்து தேதி வாங்கியபின், நான்கு தாள்களை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள்: முதல் எடை, மிகக் குறைந்த எடை, இன்றைய எடை, அந்தந்தத் தேதிகள்; போடுகிற எல்லா மருந்துகளின் பெயர், அளவு; ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து எடுத்த பிடிகளோடு ஏழு நாள் சாப்பாட்டுக் குறிப்பு; கிடைத்தால், அறுவை சிகிச்சை செய்த டாக்டரின் குறிப்பு. வேறு கிளினிக்குக்குப் போவதானால் அந்தக் குறிப்பின் நகலைப் பழைய மருத்துவமனையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.