சுவிஸில் முதல் வாக்கு உறை வந்ததும் என்ன செய்வது

புதிதாகச் சுவிஸ் பிரஜாவுரிமை எடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வாக்களிப்பு நாளுக்கு மூன்று, நான்கு கிழமைக்கு முன்னால் கெமைண்டேயிலிருந்து, அதாவது உள்ளூராட்சியிலிருந்து, ஒரு தடித்த கடித உறை வரும். எங்கள் ஆட்களின் பல வீடுகளில் அது விளம்பரத் தாள்களோடு சேர்ந்து பழைய பேப்பர் கட்டுக்குள் போய்விடுகிறது. தயவுசெய்து எறியாதீர்கள்.

முதலில், எதற்காக எங்களிடம் கேட்கிறார்கள் என்று விளங்கிக்கொள்ள வேண்டும். சட்டம் செய்வது பேர்ணில் இருக்கிற பாராளுமன்றம்தான். ஆனால் அந்தச் சட்டம் பிடிக்காதவர்கள் 100 நாட்களுக்குள் 50,000 கையெழுத்துச் சேர்த்துவிட்டால், அது மக்கள் வாக்குக்கு வந்தே ஆக வேண்டும். இதுதான் றெபரெண்டும். இனிஷியாட்டீவ் என்பது வேறு. பாராளுமன்றம் செய்யாத ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கச் சொல்லி மக்களே கேட்பது. அதற்கு 18 மாதத்துக்குள் 100,000 கையெழுத்து வேண்டும். வாக்கெடுப்பில் அது வெல்ல நாடு முழுவதும் பெரும்பான்மை கிடைத்தால் மட்டும் போதாது, பெரும்பான்மையான மாநிலங்களும் ஏற்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தை நான் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. என் முதல் வாக்கைப் பிழையாகப் போட்டேன். கையெழுத்துச் சேர்த்தவர்கள் பக்கம்தான் நான் இருந்தேன். அதனால் ‘யா’ (ஆம்) என்று எழுதினேன். ஆனால் அது றெபரெண்டும். அங்கே ‘யா’ என்றால் பாராளுமன்றத்தின் சட்டத்தை ஏற்கிறேன் என்று பொருள். எதிர்க்கிறவர் ‘நைன்’ (இல்லை) எழுத வேண்டும். இனிஷியாட்டீவில் இது அப்படியே தலைகீழ். 2024ஐ நினைவில் வைத்தால் குழம்பாது. மார்ச் 3ஆம் திகதி, வருடத்துக்கு 12 தடவை கொடுக்கிற ஓய்வூதியத்தைப் 13ஆவது தடவையும் கொடு என்ற இனிஷியாட்டீவ் வந்தது. அரசும் பாராளுமன்றமும் வேண்டாம் என்று சொல்லியும் 58.2 வீதம் பேர் ‘யா’ சொன்னார்கள். அதே வருடம் செப்டெம்பர் 22ஆம் திகதி வேலையிடத்து ஓய்வூதிய நிதி பற்றிய சட்டம் வந்தது. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. தொழிற்சங்கங்கள் கையெழுத்துச் சேர்த்து வாக்குக்குக் கொண்டுவர, 67.1 வீதம் பேர் ‘நைன்’ எழுதி அதை விழுத்தினார்கள்.

ஆகவே உறையைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கேள்வியை எங்களிடம் கொண்டுவந்தது யார் என்பதைத்தான். இதை நான் சின்ன வயதிலேயே படித்தேன். 1982 டிசம்பர் 22ஆம் திகதி இலங்கையில் சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. அப்பா குடத்துக்குப் போட்டுவிட்டு வந்து, முற்றத்தில் பேசாமல் இருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. பொதுத்தேர்தலை வைக்காமல் இருந்த பாராளுமன்றத்தையே இன்னும் ஆறு வருடம் நீட்டலாமா என்பதுதான் கேள்வி. கேட்டது ஆட்சியில் இருந்தவர்கள். விளக்கு வென்றது. மக்களிடம் நேரே கேட்டார்கள்தான், ஆனால் மக்கள் கேட்கச் சொன்ன கேள்வி அல்ல அது. இங்கே பல கேள்விகள் கீழேயிருந்து வருகின்றன. அதனால்தான் எனக்கு இந்த முறையில் மதிப்பு.

அதற்காக மக்கள் சொன்னால் எல்லாம் சரி என்று நான் நினைக்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்க 1959இல் சுவிஸ் பாராளுமன்றம் சம்மதித்தது. அப்போது வாக்குரிமை ஆண்களுக்கு மட்டும்தான். வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மறுத்தார்கள். 1971 வரை பெண்கள் காத்திருந்தார்கள். இலங்கையில் பெண்களுக்கு அது 1931இலேயே கிடைத்தாயிற்று. லூற்சேர்ண் மாநிலத்து எம்மென் ஊரில் 2000ஆம் ஆண்டு பிரஜாவுரிமை கேட்டவர்களை ஊர்மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவு செய்தார்கள். இத்தாலியர்களை ஏற்றார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்த குடும்பங்களை மறுத்தார்கள். 2003இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையே செல்லாது என்றது. வெளிநாட்டவர், அகதிகள், வேறு சமயத்தவர் பற்றிய கேள்வி வரும்போது, அந்த வரிசையில் நாங்களும் நின்றவர்கள் என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

சரி, இனிச் செய்முறை. உறைக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். தமிழில் இல்லை. டொச் (ஜெர்மன்), பிரெஞ்சு, இத்தாலி, றொமான்ஷ் மட்டும்தான். முழுவதையும் வாசிக்கக் கஷ்டம் என்றால் தொடக்கத்தில் இருக்கிற சுருக்கத்தையும், ஆதரிப்பவர்கள், எதிர்ப்பவர்கள் இரண்டு பக்கத்தின் வாதத்தையும் வாசியுங்கள். எனக்கு உடன்பாடில்லாத பக்கத்தின் வாதத்தைத்தான் நான் முதலில் வாசிப்பேன். மனம் மாறிய தடவைகளும் உண்டு. எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. விளங்காததை வெறுமையாக விடலாம்.

சூரிச் மாநிலத்தில் வாக்குச் சீட்டில் ‘யா’ அல்லது ‘நைன்’ என்று கையால் எழுத வேண்டும். எழுதியதைச் சின்ன உறைக்குள் போட்டு ஒட்டுங்கள். வாக்குரிமை அட்டையில் கட்டாயம் கையெழுத்து வையுங்கள். அது இல்லாவிட்டால் தபால் வாக்குச் செல்லாது, யாரும் கூப்பிட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அட்டை சின்ன உறைக்கு வெளியே, பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். வாக்களிப்பு நாளுக்கு முந்திய செவ்வாய்க்கிழமைக்குள் தபாலில் போட்டுவிடுங்கள். பிந்திவிட்டால் கெமைண்டே வாசலில் இருக்கிற பெட்டியில் நேரே கொண்டுபோய்ப் போடலாம்.

அப்புறம், அம்மா அப்பாவின் சீட்டு. பிள்ளைகள் வீட்டில் உள்ள எல்லாருடைய சீட்டையும் தாங்களே நிரப்பி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். செய்யாதீர்கள். பலருடைய சீட்டுகளைத் திட்டமிட்டுச் சேர்த்து நிரப்புவது இங்கே தண்டனைக்குரிய குற்றம். குற்றம் என்பதை விட்டாலும், அது அவர்களுடைய வாக்கு. ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து, இரண்டு பக்கத்தையும் தமிழில் சொல்லுங்கள். உங்கள் விருப்பத்தைக் கடைசியில் சொல்லுங்கள், அதுவும் கேட்டால் மட்டும்.

அம்மாவுக்கு டொச் வாசிக்க வராது. இருபது வருடம் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவியவர். 13ஆவது ஓய்வூதியம் பற்றி நான் விளக்கியபோது, “இதுக்குக் காசு ஆர் குடுக்கிறது பிள்ளை?” என்றுதான் முதலில் கேட்டார். அது புத்தகத்திலும் எதிர்ப்பவர்களின் முதன்மையான வாதம். வேலை செய்கிறவர்கள் கட்ட வேண்டி வரலாம் என்றேன். இரண்டு நாள் யோசித்தார். பிறகு பேனையை வாங்கி, நான் தாளில் எழுதிக் காட்டிய இரண்டு சொற்களில் ஒன்றைப் பார்த்துத் தானே எழுதி, நான் பார்க்க முதல் உறையை ஒட்டிவிட்டார்.