ஆட்டிசம் உள்ள பெரியவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளவிடுவது எப்படி?

ஆட்டிசம் உள்ள ஒரு பெரியவரின் வாழ்க்கைத் தரத்தை அளவிட முற்படும் உளவியலாளரோ ஆய்வு மாணவரோ, யாருடைய அளவுகோலைக் கையில் எடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வேலை, திருமணம், தனி வீடு, நண்பர்களின் எண்ணிக்கை என்று கூட்டிப் பார்ப்பது ஊரார் போடும் கணக்கு. உலக சுகாதார நிறுவனமோ, ஒருவர் தாம் வாழும் பண்பாட்டுச் சூழலில், தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்துத் தம் நிலையைத் தாமே எவ்வாறு உணர்கிறார் என்பதையே வாழ்க்கைத் தரம் என்று வரையறுக்கிறது. விடுமுறை நாள் முழுவதும் தனியே இருந்து நிறைவு காணும் ஒருவரின் மதிப்பெண்ணை, அது நமக்குத் தனிமையாகத் தோன்றுகிறது என்பதற்காகக் குறைக்க நமக்கு உரிமை இல்லை.

தொடங்குவதற்கு ஏற்றது அந்நிறுவனத்தின் ‘டபிள்யூஹெச்ஓகியூஓஎல்-பிரெஃப்’ என்னும் சுருக்க வினாத்தாள். இதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. இதில் உள்ள 26 கேள்விகளில் இரண்டு பொதுவானவை. மற்ற 24 கேள்விகள் உடல்நலம், உளநலம், சமூக உறவுகள், சுற்றுச்சூழல் என்னும் நான்கு பகுதிகளில் அடங்கும். ஆனால் இது எல்லா மக்களுக்குமாக உருவானது என்பதால், ஆட்டிசம் உள்ளோரின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் சில செய்திகளைத் தொடாமல் விட்டுவிடுகிறது. அக்குறையை நிரப்ப இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆட்டிசம் உள்ளோரையும் கலந்தாலோசித்து உருவாக்கி 2018இல் வெளியிட்ட ‘ஏஎஸ்கியூஓஎல்’ என்னும் 9 கேள்விகள் கொண்ட துணைத்தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒலி, ஒளி போன்ற புலன்சார் தொல்லைகள், சேவைகளைப் பெறுவதில் உள்ள தடைகள், பழகியவர்களிடையே தாம் தாமாகவே இருக்க முடிகிறதா என்பது, ஆட்டிசத்தைத் தம் அடையாளத்தின் ஒரு கூறாக ஏற்றுக்கொள்வது ஆகியவற்றை அது கேட்கிறது. ஆங்கிலத்தில் உருவான அதைத் தமிழில் கையாள விரும்புவோர், மொழிபெயர்த்ததோடு நின்றுவிடாமல், வேறொருவரைக் கொண்டு அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிடும் மீள்மொழிபெயர்ப்பும் செய்து, ஆட்டிசம் உள்ள சிலரிடம் ஒவ்வொரு கேள்வியையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விசாரித்த பின்னரே களத்துக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி கேட்கும் சூழலும் அளவீட்டின் ஒரு பகுதிதான். வினாத்தாளை முன்கூட்டியே அனுப்பி, எழுதுவதா, கணினியில் நிரப்புவதா, வாய்மொழியாகச் சொல்வதா என்பதைப் பதில் தருபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள். மின்விசிறி இரைச்சலும் குழல்விளக்கின் சிமிட்டலும் உள்ள அறையில் எடுத்த பதில்கள் அந்த அறையைப் பற்றியவையாகவும் இருக்கக்கூடும். கேள்விகள் கடந்த இரண்டு வாரங்களைப் பற்றியவை. அந்த நாட்களைக் குறித்த நாட்காட்டி ஒன்றை முன்னால் வைப்பது உதவும். ‘வாழ்க்கை எந்த அளவுக்குப் பொருள் உடையது’ என்பது போன்ற கேள்விகள், சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்பவரைத் திகைக்கச் செய்யலாம். அப்போது தோன்றியதைச் சொல்லி விளக்காமல், முன்பே எழுதி வைத்த ஒரே விளக்கத்தை எல்லோருக்கும் தர வேண்டும். தம் உணர்ச்சிகளை இனங்கண்டு பெயரிடுவதில் சிரமம் உள்ளவர்களுக்கு விடையளிக்கக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

பேச்சைப் பயன்படுத்தாதவர்களிடம் படங்கள், தகவல்தொடர்புக் கருவிகள் வழியாகக் கேட்க முயன்று பார்த்த பிறகே பெற்றோரிடமோ பராமரிப்பாளரிடமோ செல்லலாம். ‘அவர் இதற்கு என்ன பதில் சொல்வார்?’ என்று கேட்பதும் ‘உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?’ என்று கேட்பதும் இருவேறு அளவீடுகள். எதைக் கேட்டோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; அந்த எண்களை நேரடிப் பதில்களோடு கலக்காதீர்கள்.

உலக சுகாதார நிறுவன வினாத்தாளுக்கு மதிப்பெண் இடுகையில், பெரிய எண் மோசமான நிலையைக் குறிக்கும் 3, 4, 26 ஆகிய கேள்விகளைத் தலைகீழாக மாற்ற வேண்டும். அதாவது, ஒவ்வொரு விடையும் 1 முதல் 5 வரையிலான எண் என்பதால், 6இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும். ஒரு பகுதியின் சராசரியை 4ஆல் பெருக்கினால் 4 முதல் 20 வரையிலான மதிப்பெண் கிடைக்கும். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக்கும் ஆசை பலருக்கும் வரும். இந்த வினாத்தாள் அதற்காக அமைக்கப்பட்டதன்று.

சமூக உறவுகள் பகுதியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். அதில் மூன்றே கேள்விகள்; அவற்றில் ஒன்று பாலுறவு நிறைவு பற்றியது. நம் ஊரில், அதிலும் பெற்றோர் அருகில் இருக்கும்போது, அது வெற்றாக விடப்படுவதற்கு வாய்ப்பு அதிகம். வினாத்தாளின் கையேட்டின்படி இப்பகுதியில் ஒரு விடை இல்லாவிட்டால் கணக்கிடலாம், இரண்டு இல்லாவிட்டால் கூடாது. மற்ற இரு விடைகள் 2, 3 என்றால் சராசரி 2.5, மதிப்பெண் 10. அதை 0 முதல் 100 வரையிலான அளவுக்கு மாற்றினால் 37.5. ஆனால் இந்த எண், உறவுகள் போதவில்லை என்ற ஏக்கத்தையும் காட்டலாம், வேண்டாத உறவுகளின் நெருக்கடியையும் காட்டலாம். எது என்பதை அவரிடமே கேட்டு எழுதினால்தான் அந்த எண்ணுக்குப் பயன் உண்டு.

மனச்சோர்வும் பதற்றமும் ஆட்டிசம் உள்ளோரிடம் பரவலாகக் காணப்படுவதால், அவற்றைத் தனி அளவைகளால் அளந்துகொள்ளுங்கள்; இல்லையெனில் குறைந்த மதிப்பெண் முழுவதும் ஆட்டிசத்தின் தலையில் விழும். எதிர்மறை உணர்வுகள் எத்தனை அடிக்கடி வருகின்றன என்று கேட்கும் 26ஆவது கேள்விக்கு ஒருவர் ‘எப்போதும்’ என்று குறித்திருந்தால், தாளைக் கோப்பில் வைப்பதற்கு முன் அன்றே அவரிடம் பேச வேண்டும். அவரை யாரிடம் அனுப்புவது என்பதும் ஆய்வு தொடங்கும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.