சோலும் ஹார்ட் ராக்கும் கலக்கும் வடசென்னை பேண்டுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடியில் ஒரு மொட்டைமாடி அறையில் நாங்கள் வாசித்துப் பழகிக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டு அக்கா மேலேறி வந்தார். சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தோம். "நல்லாத்தான் கீது தம்பி. ஆனா பாட்றவரு இன்னா சொல்றாருன்னே தெர்ல" என்றார்.

சோலையும் ஹார்ட் ராக்கையும் சேர்க்க நினைக்கும் பேண்டு முதலில் சறுக்குவது இங்கேதான். சோல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சர்ச் பாட்டிலிருந்து கிளைத்தது. அதில் எல்லாமே குரலுக்காக. ஹார்ட் ராக்கில் கிட்டார்தான் முன்னால் நிற்கும். இரண்டும் ஒரே மேடை ஏறினால் ஒன்று வழிவிட வேண்டும். வழிவிட வேண்டியது கிட்டார் என்பது என் கட்சி.

கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனை முழுக்கத் திருகிவிட்டு ஆறு கம்பியிலும் கார்டு (பல சுரங்களைச் சேர்த்து ஒரே அடியாக) அடிக்காதீர்கள். டிஸ்டார்ஷன் ஒவ்வொரு சுரத்தோடும் புது ஒலிகளைக் கிளப்பும். சுரங்கள் கூடக்கூட அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான இடத்தையும் அடைத்துக்கொள்ளும். பாடும் வரிகளில் இரண்டு கம்பி மட்டும் அடிக்கும் பவர் கார்டு போதும், டிஸ்டார்ஷனைக் கூட்டிக் குறைக்கும் கெயினைப் பாதியாகக் குறையுங்கள். கனத்தை பேஸ் கிட்டாரும் காலால் அடிக்கும் கிக் ட்ரம்மும் கொடுக்கும். குரல் ஓயும் இடத்தில் ரிஃபை, அதாவது கிட்டாரில் திரும்பத் திரும்ப வரும் சிறு மெட்டை, திறந்துவிடுங்கள், அப்போதுதான் அதற்கும் மரியாதை.

சோல் பாடகர்களைக் கேட்டுக் கேட்டு, ஒரே எழுத்தை ஏழு வளைவு வளைத்துப் பாடும் ஆசை எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிப்போகும்: 'மலை' மாலையாகிவிடும், 'கல்' காலாகிவிடும், 'விடு' என்று கெஞ்சினால் 'வீடு' என்று கேட்கும். அதற்காக இழுவையையே விட்டுவிட வேண்டாம். நெடில் விழும் இடத்திலோ வரியின் கடைசி உயிரிலோ நீட்டுங்கள். அதாவது, வரி எழுதும்போதே இழுக்கப்போகும் இடத்தில் ஒரு நெடிலை வைக்க வேண்டும்; பாடகரிடம் போன பிறகு இதைச் சரிசெய்ய முடியாது. கற்றுக்கொள்ள அட்லாண்டா போக வேண்டாம். சாவு வீட்டில் விடிய விடிய கானா பாடும் அண்ணன்மார் எங்கே நீட்டுகிறார்கள், எங்கே பேச்சுபோல வெட்டிவிட்டுப் போகிறார்கள் என்று உட்கார்ந்து கேளுங்கள். சோலுக்கு வேண்டிய துக்கமும் மன்றாட்டும் அங்கே இருக்கின்றன. அமெரிக்கக்காரர்போல நாக்கைச் சுழற்றும்போது முதலில் தொலைவது அதுதான்.

கானாவை எடுக்கும் பேண்டுகள் கட்டமோளம், சட்டி என்ற தாளக்கருவிகளை பாட்டு முடிந்த பிறகு மேலே ஒட்டுவதும் தவறு. கானா பெரும்பாலும் சிக்ஸ்-எய்ட்டில், அதாவது ஆறு எண்ணிக்கைத் தாளத்தில், நடக்கும். ராக் ட்ரம்மர் நான்கு எண்ணிக்கை ஃபோர்-ஃபோரில், இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் ஸ்நேர் ட்ரம்மை இறக்குவார். யார் நடை பாட்டைச் சுமக்கப்போகிறது என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பேண்டு, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. அங்கே கானா பாடகர்களும் நம் தாளக்கருவிகளும் நடுவில் இருந்தன, கிட்டார் அவற்றைச் சுற்றி வந்தது.

அடுத்தது, பிறர் பாட்டைப் பாடும் கவரிலேயே தங்கிவிடுவது. மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் ஊர்ப் பையன்கள் 'தி ரேஷனல்ஸ்' என்றொரு பேண்டு வைத்திருந்தார்கள். பாடகர் ஸ்காட் மார்கனுக்கு அசல் சோல் குரல். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங் எழுதிய 'ரெஸ்பெக்ட்' பாட்டை 1966-இல் பாடி டெட்ராய்ட் வட்டாரத்தையே பிடித்தார்கள். மறு ஆண்டு சோல் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் அதே பாட்டைப் பாடினார். இன்றுவரை உலகத்துக்கு அது அவர் பாட்டு. ரேஷனல்ஸின் முதல் ஆல்பம் 1970-இல்தான் வந்தது, அதற்குள் நேரம் கடந்திருந்தது. ஏரியாவில் கைதட்டு விழும்போதே சொந்தப் பாட்டைப் பதிவுசெய்துவிடுங்கள்.

அதே டெட்ராய்ட்டின் ராக் பாடகர் பாப் சீகர், தன் ஊரில் பெரிய ஆள், வெளியே ஆயிரம் பேரைக் கூட்டவும் திண்டாடியவர். சொந்த ஊர் கோபோ ஹாலில் 1975-இல் பாடியதைக் கூட்டத்தின் கூச்சலோடு அப்படியே பதிந்து 1976-இல் வெளியிட்டார். அவரைப் பார்த்திராதவர்களுக்கும் அந்தச் சூடு போய்ச் சேர்ந்தது. காசிமேட்டிலோ பெரம்பூரிலோ உங்களுக்கு நல்ல கூட்டம் கூடினால், சவுண்ட் அண்ணனிடம் சொல்லி மிக்ஸரிலிருந்து தனியாகவும் கூட்டத்தின் பக்கம் ஒரு மைக் வைத்தும் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். எங்கள் முதல் பேண்டு ஒரே ஒரு ரிஃபுக்காக உடைந்தது. அதைப் போட்டது யார் என்று இரண்டு பேர் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம், பாட்டு எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டி பங்கை உறுதிசெய்கிறது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர அதை வேறு யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. ஆனால் எழுதியது யார் என்பதே தாளில் இல்லாவிட்டால் அந்தச் சட்டத்தைக் காட்டி என்ன கேட்பது? பாட்டு முடிந்த அன்றே, டீ குடிக்கும் நேரத்தில், வரி யாருடையது, மெட்டு யாருடையது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் வாய் வராது.