பைன்புக் புரோவைத் திறந்து குறைகளைச் சரிசெய்வது எப்படி

பைன்புக் புரோ 2019-இல் 199 டாலருக்கு வந்த லேப்டாப். சர்க்யூட் வரைபடமே வெளியில் கிடைப்பதால் தைரியமாகத் திறக்கலாம். அடிமூடியில் பத்து ஸ்க்ரூ, முன் ஓரத்து நான்கும் குட்டை, மற்ற ஆறும் நீளம். மாற்றி முடுக்கினால் உறை கெட்டுவிடும், அதனால் தனித்தனியாக வையுங்கள். முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள்.

ஹெட்போனில் சத்தமே வரவில்லையா? உள்ளே இருக்கும் குட்டி சுவிட்ச் அந்த ஜாக்கை சீரியல் போர்ட்டாக (வேறு கணினியோடு இணைத்துப் பிழை பார்க்கும் வழி) மாற்றியிருக்கலாம், சுவிட்சை மறுபக்கம் தள்ளிவிட்டால் சரி. அதை மூடிக்குள் வைத்தது என்ன யோசனையோ!

பெரிய தலைவலி சூடுதான். ஃபேன் கிடையாது, தஞ்சாவூர் சித்திரை வெயிலில் ஆர்கே3399 என்ற முதன்மை சிப் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிப்பின் மேலுள்ள தகட்டுக்கும் அடிமூடிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்து, அந்தத் தடிமனுக்குத் தெர்மல் பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தாள்) வெட்டி ஒட்டுங்கள் (தடிமன் கூடினால் போர்டு வளையும்). அப்புறம் மூடி நன்றாகவே சுடும், மடியில் வைக்காதீர்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருந்தால் உப்புக்காற்று கனெக்டர்களைப் பச்சை பிடிக்க வைக்கும். திறந்த கையோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். சார்ஜருக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தேவை, பழைய போன் சார்ஜர் போதாது.