ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடிக்கும்போது உடம்பையும் தண்ணீரையும் காப்பது எப்படி?

குளோர்பைரிபாஸ், புரபெனோபாஸ், டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் என்ற ஒரே குடும்பத்துப் பூச்சிமருந்துகள். நரம்பு இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைச் சிதைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியில் ஒட்டி அதை முடக்கிவிடும். கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். பூச்சி துடித்துச் சாவது இதனால்தான். மனித உடம்பிலும் இதே நொதிதான் இருக்கிறது.

முடங்கிய நொதி அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. ரத்தச் சிவப்பணுவில் அது நாளுக்குச் சுமார் 1 சதவீதம்தான் மீளும். இன்று கொஞ்சம், நாலு நாள் கழித்துக் கொஞ்சம் என்று பட்டால் இழப்பு கூடிக்கொண்டே போகும். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பவர் ஒருநாள் வழக்கமான அளவிலேயே விழுவது இப்படித்தான். தொடர்ந்து தெளிப்பவர்கள் பருவம் தொடங்குமுன் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை செய்து அந்த எண்ணைக் குறித்துவைக்க வேண்டும். இயல்பு அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும் என்பதால், முன்பு எடுத்த எண் இல்லாமல் பின்பு எடுப்பதை வைத்து அதிகம் சொல்ல முடியாது. சிவப்பணு நொதி தன் பழைய அளவில் 70 சதவீதத்துக்குக் கீழே போனால் தெளிப்பு வேலையை நிறுத்திவிட வேண்டும். 80 சதவீதத்தைத் தாண்டிய பிறகே திரும்பலாம்.

தெளிப்பவர் உடம்பில் மருந்து அதிகம் ஏறுவது தோல் வழியாக. எல்லாத் தோலும் ஒரே அளவு உறிஞ்சுவதில்லை. இதே குடும்பத்துப் பாரத்தியான் மருந்தை வைத்துச் செய்த சோதனையில் முன்கையைவிட உள்ளங்கை சற்றே அதிகமாகவும், நெற்றியும் தலையும் சுமார் 4 மடங்கும், அக்குள் 7 மடங்கும், விதைப்பை ஏறக்குறைய 12 மடங்கும் உறிஞ்சின. இப்போது முதுகில் மாட்டும் தெளிப்பானை நினைத்துப் பாருங்கள். மூடியின் வாஷர் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு குனிதலுக்கும் கலவை சிந்தி, முதுகில் இறங்கி, இடுப்பைத் தாண்டி உள்ளாடையில் ஊறும். அதை வியர்வை என்று நினைத்து நாள் முழுக்க அப்படியே நிற்பார்கள். மருந்து ஊற்றுமுன் டேங்கில் வெறும் தண்ணீர் நிரப்பி, மாட்டிக்கொண்டு, குனிந்து பாருங்கள். சட்டை நனைந்தால் வாஷரை மாற்றாமல் வேலையைத் தொடங்காதீர்கள்.

ஆபத்து அதிகமாக இருப்பது மருந்தைத் தண்ணீரில் கலக்கும் நேரத்தில்தான். அப்போது கையில் இருப்பது நீர்க்காத, அதாவது இன்னும் தண்ணீர் சேராத மருந்து. நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். துணி, தோல் கையுறைகள் மருந்தை உறிஞ்சிக் கையோடு ஒட்டிவைத்துக்கொள்ளும். அதற்கு வெறுங்கையே மேல், பட்டதும் கழுவவாவது தோன்றும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நீர் புகாத முன்கவசம், பூட்ஸ் வேண்டும். பேன்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும். சாதாரணத் துணி முகக்கவசம் ஆவியைத் தடுக்காது. ஆவி உறிஞ்சும் கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த சுவாசக் கவசமே உதவும். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. பழைய பல்துலக்கி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஊறிய உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. நீர்க்காத மருந்து கொட்டிய உடையைத் துவைப்பதில் பயனில்லை, அப்புறப்படுத்துங்கள்.

வெயிலில் கிடந்த பழைய சரக்கை நம்ப வேண்டாம். 1976-ல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்கு மாலத்தியான் தெளித்த 7,500 பேரில் சுமார் 2,800 பேருக்கு நச்சு ஏறியது. 5 பேர் இறந்தார்கள். சேமிப்பில் இருந்த மருந்தில் உருவான ஐசோமாலத்தியான் என்ற பொருள், மாலத்தியானைச் செயலிழக்க வைக்கும் உடம்பின் நொதியைத் தடுத்திருந்தது. 'பாதுகாப்பானது' என்று பெயர் வாங்கிய மருந்தில் நடந்தது இது.

அறிகுறிகளை வெயில் மயக்கம் என்று நினைத்து மோரைக் கொடுத்து உட்காரவைப்பதுதான் வழக்கமான தவறு. வெயிலில் வாய் வறளும். இங்கே எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வழியும், மூச்சில் சளி கரகரக்கும். வாந்தி, வயிற்றுப் பிடிப்பு, பேதி வரும். நிழலுக்கு வந்த பிறகும் கருமணியின் நடுப்புள்ளி ஊசிமுனை போலச் சுருங்கியே இருந்தால் உடனே கிளம்புங்கள். இமையும் தொடையும் தானாகத் துடிப்பது அடுத்த கட்டம். எல்லா அறிகுறியும் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

உதவுபவர் முதலில் கையுறை போட வேண்டும். பாதிக்கப்பட்டவரை அந்த இடத்திலிருந்து விலக்கி, உடையைக் கழற்றி, சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 முதல் 20 நிமிடம் கழுவுங்கள். தலைமுடி, நகக்கண், காது மடிப்பு, தொப்புள் விடக் கூடாது. கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் வெறும் தண்ணீர். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் கழுவி முடிக்கும்வரை வண்டியைக் காக்கவைக்காதீர்கள். குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. மருந்தைக் கரைத்திருக்கும் எண்ணெய்க் கரைப்பான் நுரையீரலுக்குள் போகும். பால், எண்ணெய் வேண்டாம். மயங்கியவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவையுங்கள். லேபிளை எடுத்துப்போங்கள்; அட்ரோபின், பிராலிடாக்சிம் என்ற முறிவு மருந்துகளைப் பற்றி மருத்துவர் முடிவெடுக்க அது வேண்டும். டைமெத்தோயேட், மோனோகுரோட்டோபாஸ், மாலத்தியான் போன்ற டைமீத்தைல் வகை மருந்துகள் சில மணி நேரத்திலேயே நொதியை மீட்க முடியாதபடி இறுக்கிவிடும். தேறியதுபோல் தெரிந்தாலும் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசை தளர்ந்து, தலையைத் தூக்க முடியாமல், மூச்சும் நிற்கலாம். அதனால் மறுநாளே வீட்டுக்குக் கூட்டிப்போக அவசரப்படக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கணக்கே போதும். 20 சதவீதக் குளோர்பைரிபாஸ் 5 மில்லியில் 1 கிராம் நஞ்சு இருக்கிறது. 25 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள குளத்தில் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். ஒரு மூடி மருந்து அதில் விழுந்தால் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். மீன்குஞ்சுகளுக்கு இரையான நீர்த்தெள்ளுகளைக் கொல்ல அதுவே போதும். ஆகவே தெளிப்பானைக் குளத்தில் முக்கி நிரப்பவோ வாய்க்காலில் கழுவவோ கூடாது. காலி டப்பாவில் கால்பங்கு தண்ணீர் ஊற்றி 30 விநாடி குலுக்கி, அதைத் தெளிப்பு டேங்கிலேயே ஊற்றுங்கள், மூன்று முறை. பிறகு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி டப்பாவைக் குத்தி ஓட்டையிடுங்கள். சிந்தியதைப் பிளீச்சிங் பவுடரால் கழுவ வேண்டாம். குளோரின் இந்த மருந்துகள் சிலவற்றை 'ஆக்சான்' வடிவமாக மாற்றும். நொதியை நேரடியாக முடக்குவது அதுதான். மண்ணோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவைத்து அள்ளுங்கள்.

பூத்திருக்கும் பயிரிலும் களையிலும் அடித்தால் தேனீ சாகும். தவிர்க்கவே முடியாவிட்டால் தேனீக்கள் கூடு திரும்பிய மாலையில் அடியுங்கள். இலை லேசாக அசையும் காற்று சரி. துளிகூடக் காற்றில்லாத விடியற்காலை நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போதுதான் நுண்துளிகள் கீழே இறங்காமல் மிதந்து அக்கம்பக்கம் போகும். சிலந்தியும் பொறிவண்டும் செத்த வயலில் அசுவினியும் புகையானும் முன்பைவிட அதிகமாகப் பெருகும். அதைப் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள்.

அறுவடைக்கு முந்தைய காத்திருப்பு நாளை லேபிளில் பார்த்துக் கடைசித் தெளிப்பைத் தீர்மானியுங்கள். கழுவினால் மேலே ஒட்டியதில் ஒரு பகுதிதான் போகும். டைமெத்தோயேட், அசிபேட் போன்ற ஊடுருவும் மருந்துகள் காயின் சதைக்குள்ளேயே இருக்கும், தண்ணீர் அங்கே எட்டாது.