"பேங்க்லதானே இருக்கு, என்ன ஆகப்போகுது?"

2019 செப்டம்பரில் மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கி வாசலில் கையில் பாஸ்புக்கோடு நின்றவர்களும் முந்தின நாள் வரை இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணக்குக்கு ஆயிரம் ரூபாய்தான் எடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி முதலில் கட்டுப்பாடு போட்டது, பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். கொடுத்த கடனில் 70 சதவீதத்துக்கும் மேல் ஹெச்டிஐஎல் என்ற ஒரே கட்டுமானக் குழுமத்திடம் முடங்கிக் கிடந்தது, அது வெளியே தெரியாமல் இருக்க ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகள் வேறு.

ஒரு சதவீதம் வட்டி கூட வருகிறது என்பதற்காக மொத்தப் பணத்தையும் ஒரே சின்ன வங்கியில் போடுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அந்த ஒரு சதவீதத்தை அவர்கள் எதற்காகக் கூடுதலாகத் தருகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த தவறு காப்பீட்டு வரம்பைச் சரியாகப் புரிந்துகொள்ளாதது. டெபாசிட் காப்பீடு, அதாவது வங்கி முடங்கினால் நமக்குத் திரும்பக் கிடைக்கும் தொகை, 2020 பிப்ரவரியிலிருந்து 5 லட்சம் ரூபாய் வரை, அதற்கு முன் வெறும் 1 லட்சம். பலருக்கு இது தெரியும், ஆனால் அசலும் வட்டியும் சேர்ந்துதான் 5 லட்சம் என்பது தெரியாது. சரியாக 5 லட்சத்தை 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடக் கடைசியில் முப்பத்தைந்தாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே வட்டி சேரும், அதற்குப் பாதுகாப்பு கிடையாது. கரூர் கிளையில் பாதி, திருச்சி கிளையில் பாதி என்று பிரித்துப் போட்டாலும் பிரயோஜனமில்லை, ஒரே வங்கியென்றால் எல்லாக் கிளையும் ஒரே கணக்குதான். ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் போட்டதற்கோ இந்தக் காப்பீடே கிடையாது.

அப்புறம் "நம்ம ஊர் பேங்க்" என்ற பாசம். 1926இல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர் வங்கியான டிபிஎஸ்ஸின் இந்திய நிறுவனத்தோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட் போட்டவர்களுக்குப் பைசா நஷ்டமில்லை, சில நாள் 25,000 ரூபாய் வரம்போடு போயிற்று. பங்கு வைத்திருந்தவர்களுக்குத்தான் மொத்தமும் பூஜ்யம். அதே வருடம் மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏடி1 பத்திரங்களும் (வங்கி நெருக்கடியில் சிக்கினால் போட்ட பணம் மொத்தமும் போகலாம் என்ற நிபந்தனையோடு வரும் கடன் பத்திரங்கள்) இப்படித்தான் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டன. அதை எஃப்டி மாதிரியே என்று நம்பி வாங்கிய முதியவர்களும் உண்டு. கவுன்டரில் நீட்டும் படிவத்தில் "டெபாசிட்" என்று இல்லாமல் வேறு பெயர் இருந்தால் கையெழுத்துப் போடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள்.

ஒரே வங்கியில்தான் போடுவேன் என்று பிடிவாதமாக இருப்பவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது: கணவர் பெயரில் தனியாக, மனைவி பெயரில் தனியாக, இருவரும் சேர்ந்து ஒன்று என்று வைத்தால் மூன்றுக்கும் தனித்தனியே 5 லட்சம் வரை காப்பீடு உண்டு.